கல்வராயன் கதை – 12: கடுக்காய்க் கணக்கும் கஜெட்டியர் வரைபடமும்

கல்வராயன் மலை ஒன்றுதான். அதைப் பற்றிய காகிதங்கள் மட்டும் எப்போதும் இரண்டு கச்சேரிகளில் பிரிந்து கிடந்தன. மேற்குச் சரிவு ஆத்தூர் தாலுகாவோடு சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. கிழக்குச் சரிவு கள்ளக்குறிச்சி தாலுகாவோடு தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. சேலம் பக்கம் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. தென்னார்க்காடு 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து வந்தது. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டத்தை அமைத்தார்கள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக நடைமுறைக்கு வந்தது. எல்லைக்கோடு மாறிய ஒவ்வொரு முறையும் கோப்புகள் மூட்டை கட்டப்பட்டு வேறு ஊருக்குப் போயின. இன்று வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ இருக்கும் ஒருவர், தன் கொள்ளுத்தாத்தா காலத்து ஊர் எப்படி இருந்தது என்று அச்சில் தேட விரும்பினால், சேலத்துப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும், தென்னார்க்காட்டுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட மலைமேல் கிடையாது.

சென்ற இதழ்வரை மூன்று ஜாகிர்களின் கதையைச் சொல்லி வந்தேன். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று பட்டங்களின்கீழ் மலை எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது, 1976இல் அரசு அதை எப்படித் தன் பொறுப்பில் எடுத்தது என்பதன் முன்கதை அது. பின்கதைக்குப் போகுமுன் இந்த ஒரு அத்தியாயத்தைப் புத்தகங்களுக்காக ஒதுக்குகிறேன். கல்வராயனைப் பற்றி அச்சான பழைய நூல்கள் மிகக் குறைவு. இருக்கிற படிகளும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மலைவாசிகளின் நிலவுரிமைக்கே அந்தப் புத்தகங்கள் சாட்சி சொல்லக்கூடியவை.

இதை முதலில் புரிந்துகொண்ட ஊர்கள் நம்மிடமிருந்து வெகுதூரத்தில், பனிப்பிரதேசத்தில் இருக்கின்றன. கனடாவின் வடக்கே அட்சன் விரிகுடாவைச் சுற்றியுள்ள காடுகளில் பீவர் என்ற நீர்வாழ் விலங்கு உண்டு. அதன் அடிமயிரிலிருந்து செய்த தொப்பிக்கு ஐரோப்பாவில் அப்படியொரு மவுசு. அந்த வணிகத்துக்காக 1670இல் லண்டனில் ஒரு கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. அதுதான் அட்சன் விரிகுடாக் கம்பெனி. நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுபது வயது இளையது. இரண்டும் ஒரே நகரத்தில் பிறந்தவை, இரண்டும் கணக்கு எழுதுவதில் வெறிகொண்டவை. தோல் வாங்கும் கொட்டடி ஒவ்வொன்றிலும் தினக்குறிப்பு எழுதப்பட்டது. யார் வந்தார், எத்தனை தோல் கொண்டுவந்தார், பதிலுக்கு எத்தனை கம்பளி வாங்கினார், எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தார் என்று எல்லாமே அதில் உண்டு. வடக்கே நடந்து போன அந்தக் கம்பெனியின் ஊழியர் சாமுவேல் அர்னின் பயண நூல் 1795இல் வந்தது. போட்டிக் கம்பெனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெக்கன்சியின் நூல் 1801இல் வந்தது. இன்று அவற்றின் முதற்பதிப்புகளை வைத்திருப்பவர்கள் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைக்கிறார்கள்.

அங்கே இந்தச் சேகரிப்பைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர் நிலவியலாளர், ஜே. பி. டிரெல். பாறை பார்க்கப் போன மனிதர், தனக்கு முன்னால் அதே வழியில் நடந்தவர்கள் வரைந்த வரைபடங்கள் எவ்வளவு துல்லியமானவை என்று கண்டு வியந்து, அவர்கள் எழுதியதைத் தேட ஆரம்பித்தார். டேவிட் தாம்சன் என்ற நிலஅளவையாளர் கண்டத்தின் பாதியை நடந்தே அளந்தவர். வறுமையில் வாடி 1857இல் இறந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அச்சேறாமலே கிடந்தது. அந்தக் கையெழுத்துப் படியைத் தேடிப் பிடித்து, 1916இல் சாம்ப்ளேன் கழகத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தவர் டிரெல். 1905இல் தொடங்கிய அந்தக் கழகம் சந்தாதாரர்களுக்கென்று மட்டும் குறைந்த படிகள் அச்சிட்டு இத்தகைய நூல்களைக் காப்பாற்றியது. கம்பெனியின் சொந்த ஆவணங்கள் முழுவதும் 1994இல் மானிடோபா மாகாணத்துக்குக் கொடையாக வந்து சேர்ந்தன. கம்பெனியின் கடைகள் 2025இல் மூடப்பட்டுவிட்டன. வின்னிபெக் நகரில் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன.

பத்திரமாக வைத்ததன் பலன் நீதிமன்றத்தில் தெரிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்க்சான், வெட்சுவெட்டன் குடிகள் தங்கள் மண்ணுக்கு உரிமை கேட்டு வழக்காடினார்கள். கீழ் நீதிமன்ற நீதிபதி 1991இல், 1820களில் அங்கே இருந்த வில்லியம் பிரவுன் என்ற தோல் வணிகரின் குறிப்புகளை நம்பகமான சான்றாக எடுத்துக்கொண்டார். குடிகளின் முதியோர் வாய்மொழியாகச் சொன்ன வரலாற்றுக்கு அந்த மதிப்பைத் தரவில்லை. 1997 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. வாய்மொழி வரலாற்றையும் எழுத்துச் சான்றோடு சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்றது. வணிகரின் நோட்டும் கிழவியின் கதையும் ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டியவை என்பது அன்றுமுதல் அங்கே சட்டம். இந்த வழக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்வராயனுக்கு இது நேராகப் பொருந்தும்.

நம் பக்கம் வருவோம். முதலில் வர வேண்டியது பாரமகால் ஆவணங்கள். 1792இல் திப்புவிடமிருந்து பெற்ற பாரமகாலையும் சேலத்தையும் ஆள அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் பின்னாளில் சென்னை ராஜதானியின் கவர்னரான தாமஸ் மன்றோ. புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் குடியிருக்கிறார்கள், எந்தச் சுங்கச் சாவடியில் எதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று இவர்கள் எழுதிக் குவித்தார்கள். அது நூறு வருடத்துக்கு மேல் கையெழுத்தாகவே கிடந்து, 1907 முதல்தான் சென்னை அரசு அச்சகத்தில் பகுதி பகுதியாக வெளிவந்தது. குடிமக்கள், விளைபொருள், சுங்கம் என்று தனித்தனி மெல்லிய புத்தகங்கள். எல்லாப் பகுதிகளும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது. ஒரு நூலகத்தில் மூன்று இருக்கும், இன்னொன்றில் நான்கு இருக்கும். கல்வராயனின் மேற்கு அடிவாரம், ஆத்தூர்ச் சீமை, அன்றைய சந்தைகள் பற்றி எழுத வேண்டுமானால் சுங்கப் பகுதியை விட்டுவிட முடியாது. மலையிலிருந்து இறங்கும் பொருள் எதுவானாலும் அடிவாரத்துச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்தவை ஜில்லா மேனுவல்கள். 1868இல் ஜே. எச். நெல்சன் எழுதிய மதுரை நூல்தான் இந்த வரிசையில் மூத்தது. தென்னார்க்காட்டுக்கு ஜே. எச். கார்ஸ்டின் 1878இல் எழுதினார். சேலத்துக்கு எச். லெஃபானு 1883இல் இரண்டு தொகுதிகளாக எழுதினார். இவர்கள் மூவரும் வருவாய்த்துறை அதிகாரிகள். கண்ணில் படும் எதையும் வரியாக்க முடியுமா என்று பார்ப்பது இவர்கள் வேலை. ஆனாலும் அந்தக் கண்ணோட்டமே சில உண்மைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. சேலம் ஜில்லாவின் மலைகளில் சங்கிலி போட்டு நிலம் அளந்து தீர்வை போடவில்லை. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். ஏர் வைத்திருப்பவர் ஒரு வரி, மாடில்லாமல் கொத்தால் கிளறிச் சாமையும் தினையும் விதைப்பவர் வேறொரு வரி. இந்த ஒரு தகவலிலிருந்து எவ்வளவோ ஊகிக்கலாம். மலையில் நிலத்துக்கு எல்லைக்கல் கிடையாது, பட்டா கிடையாது, உழைப்பின் கருவியே கணக்கு. பின்னாளில் பட்டா என்ற காகிதம் வந்து கேட்டபோது மலைவாசியிடம் காட்ட ஒன்றுமில்லாமல் போனதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1906இல் வந்த தென்னார்க்காடு கஜெட்டியர்தான் இந்த அலமாரியில் நான் மிகவும் மதிக்கும் நூல். எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ், ஐ.சி.எஸ். 1901ஆம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சென்னை ராஜதானியில் நடத்தியவர். மதுரை, நீலகிரி, பெல்லாரி கஜெட்டியர்களும் அவர் கையால் வந்தவையே. ஜாகிர்கள் மூன்றையும், அவற்றை ஆண்ட கவுண்டர்களையும், மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைக்குடிகளின் பழக்கவழக்கங்களையும் அவர் சுருக்கமாக, வளவளப்பில்லாமல் எழுதியிருக்கிறார். சேலம் பக்கத்துக்கு இணையான நூலை எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதினார். பிரான்சிசையும் ரிச்சர்ட்சையும் அருகருகே விரித்து வைத்துப் படித்தால்தான் மலை முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் கிழக்கிலிருந்து ஏறுகிறார், மற்றவர் மேற்கிலிருந்து ஏறுகிறார்.

பிரான்சிஸ் நூலின் படி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் பின்னட்டையைத் திருப்ப வேண்டும். உள்பக்கம் ஒரு காகிதப் பை ஒட்டியிருக்கும். ஜில்லா வரைபடம் மடித்து அதில் செருகப்பட்டிருக்க வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் கஜெட்டியர்களில் பாதிக்கு மேல் அந்தப் பை காலியாக இருக்கும். யாரோ ஒரு வக்கீல், யாரோ ஒரு என்ஜினியர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். வரைபடம் இருந்தாலும் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மடிப்புகள் குறுக்கும் நெடுக்கும் சந்திக்கும் இடத்தில் காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். ஒரு சிற்றூரின் பெயர் அந்த ஓட்டையில் விழுந்தால் அது அந்தப் படியில் இல்லாத ஊர். அதனால்தான் ஒரே நூலின் இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் சேகரிப்பவர்கள் விடாமல் வாங்குகிறார்கள். ஒரு படியில் போன ஊர் இன்னொன்றில் இருக்கலாம்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கிடைக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் செய்திருக்கும் பணிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வெளிநாட்டு நூலகங்களில் கூட்டமாகப் பக்கம் புரட்டிப் படமெடுத்த மின்படிகள் பலவற்றில், மடித்த வரைபடம் மடித்தபடியே படமெடுக்கப்பட்டிருக்கிறது. பிரித்து வைத்து எடுக்க நேரமில்லை. திரையில் தெரிவது மடிப்பின் மேல்தாள் மட்டும். மலையைப் பற்றிய நூலில் மலை எங்கே என்று காட்டும் தாளே போய்விட்டால் என்ன செய்வது? அச்சுப் படியைத் தேடித்தான் ஆக வேண்டும்.

பாறை பார்க்க வந்தவர்கள் நம் பக்கமும் உண்டு. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இருவர் இந்திய நிலவியல் அளவைத் துறையில் வேலை பார்த்தவர்கள். சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறை அமைப்பைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கை 1864இல் அத்துறையின் நினைவேட்டு வரிசையில் வந்தது. முந்தைய வருடம் மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சிக்கே கதவைத் திறந்தவர் இதே ஃபூட். செப்டம்பரில் கிங்கும் அவருமாக அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். அந்தப் புகழில் இந்த மலை அறிக்கை மறைந்துபோனது. கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எல்லாம் ஒரே குடும்பத்துப் பாறை என்பதை வரிசையாக வைத்துப் பேசிய ஆரம்பகால நூல் இது. ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912இல் இறந்தவரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். கே. ரங்காச்சாரி உடனிருந்து உழைத்தார். மலையாளிகள் பற்றிய கட்டுரை நான்காம் தொகுதியில் வருகிறது. காஞ்சிபுரத்து வேளாளர்கள் அங்கிருந்து புறப்பட்டு வந்தார்கள், மூன்று அண்ணன் தம்பிகள், ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள், கரியராமன் சாமியைத் தங்களோடு கொண்டுவந்தார்கள் என்ற கதை அச்சில் பலமுறை வந்திருக்கிறது. தர்ஸ்டன் பெரும்பாலும் முந்தைய மேனுவல்களிலிருந்து எடுத்துத் தொகுத்தவர். தலைகளை இடுக்கிக் கருவியால் அளந்து இனத்தை வகுக்கலாம் என்று நம்பிய காலத்து மனிதர். அந்த அளவீடுகளுக்கு இன்று எந்த மதிப்பும் இல்லை. அவற்றை எடுத்தவிதம் மனிதரை அவமதிப்பது. கதைகளுக்கும் படங்களுக்கும் மதிப்புண்டு. கரியராமன் திருவிழாவுக்கு மலைமேல் போய், பெரியவர்களிடம் இதே கதையைக் கேட்டால் அச்சில் இல்லாத கிளைகள் எத்தனையோ முளைக்கும். எந்தப் பாறையில் தங்கினார்கள், எந்தச் சுனையில் நீர் குடித்தார்கள் என்று இடம் சுட்டிச் சொல்வார்கள். ஆங்கில அதிகாரி அந்த இடப்பெயர்களை விட்டுவிட்டார், அவருக்கு அவை தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுவது அவைதான்.

இனி கடுக்காய்க்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுத வைத்ததே அந்தக் காய்தான்.

கனடாவின் காடுகளிலிருந்து தோல் இறங்கியது. கல்வராயனிலிருந்து இறங்கியது தோலைப் பதப்படுத்தும் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை ராஜதானியின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்து மயிர் சுரண்டிய தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஆவாரை தோலை மிருதுவாக்கும், ஆனால் அப்படியே விட்டால் வெயில் பட்டதும் சிவந்துபோகும். அதனால் கடைசியில் இடித்த கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போட்டெடுப்பார்கள். நிறம் வெளிறி நிலைக்கும். லண்டன் ஏலத்தில் கேட்ட விலை கிடைக்க இந்தக் கடைசி முக்கல் அவசியம். கடுக்காய் அப்படியே மூட்டையாகவும் கப்பலேறியது. வணிகப் பட்டியல்களில் பீமுனிப்பட்டணம், ஜபல்பூர் என்று ஊர்ப்பெயரால் ரகம் பிரித்தபோது, சேலமும் ஒரு ரகத்தின் பெயராக நின்றது.

சேலம் ரகம் என்றால் சேலம் நகரத்தில் காய்த்தது என்று பொருளில்லை. சேர்வராயன், சித்தேரி, கல்வராயன் காடுகளில் காய்த்தது. கார்த்திகை, மார்கழி தொடங்கிக் குளிர்காலம் முழுக்கக் கடுக்காய் பொறுக்கும் பருவம். மரத்தை உலுக்கி, விழுந்ததைக் கூடையில் அள்ளி, பாறைமேல் பரப்பிக் காயவைப்பார்கள். சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடித்துக் கறுத்து விலை இறங்கும். பொறுக்குவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். தலைச்சுமையாக அடிவாரச் சந்தைக்கு வரும்; உப்பும் துணியும் மேலே போகும். நடுவில் காட்டுக் குத்தகை எடுத்தவர் நிற்பார். முன்பணம் கொடுத்தவர் சொன்னதுதான் விலை.

இந்த வணிகத்தைப் படிக்க மூன்று நூல்கள் வேண்டும். 1861இல் வந்த இயூ கிளெக்ஹார்னின் தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூல் ஒன்று. சென்னை ராஜதானியில் 1856இல் காட்டிலாகா தொடங்கியபோது அதன் முதல் கன்சர்வேட்டர் அவர். ஜார்ஜ் வாட் 1889 முதல் வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி இரண்டாவது. மூன்றாவது ஆல்பிரட் சாட்டர்டன் 1904இல் சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் தொழிலைப் பற்றி எழுதிய சிறு நூல். அளவில் சின்னது, கிடைப்பதில் மிக அரிது. சாட்டர்டன் தோல்ஷாப்பின் குழிக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியவர். குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதுமுறையைச் சென்னையில் சோதித்து நிறுவியவரும் அவரே. அந்தப் புதுமுறை உலகமெங்கும் பரவப் பரவ ஆவாரைக்கும் கடுக்காய்க்கும் இருந்த பழைய கிராக்கி குறைந்தது. அமெரிக்காவின் ஒரு ரசாயனத் தொட்டியில் நடந்த மாற்றம் இங்கே மலைமேல் ஒரு பெண்ணின் கூடைக்குக் கிடைத்த உப்பின் அளவைப் பாதித்திருக்கிறது. இந்த மூன்று நூல்களில் எதிலும் அந்தப் பெண் இல்லை. கடுக்காயின் எடை இருக்கிறது, துவர்ப்புச் சத்தின் விகிதம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது.

இதுதான் இந்தப் புத்தகங்களின் பெரிய குறை. ஜாகிர் காலத்தில் மலைக்குடிகள் கவுண்டர்களின் நிலங்களில் கூலியில்லாமல் உழைத்தார்கள். விதைப்பில் முதலில் கவுண்டர் காடு, அறுப்பில் முதலில் கவுண்டர் அறுப்பு, பிறகுதான் சொந்தக் கொல்லை. 1976வரை நடந்ததை நேரில் அனுபவித்தவர்கள் சிலர் இன்றும் மலையில் இருக்கிறார்கள். இதை மேனுவல்களில் தேடினால் ஓரிரு வரி கிடைக்கும், அதுவும் வழக்கம் என்ற பெயரில். மறுபக்கத்தைத் தமிழில் தேட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலஅளவையாளர் காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும்வரை தன் உதவியாளர்களைக் கொண்டு ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகளும் வம்சாவளிகளும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. பாளையக்காரர்களும் ஊர்க் கணக்கர்களும் சொன்னதைத் தமிழிலேயே எழுதிவைத்த தாள்கள் அவை. அந்தக் குவியலில் மலை ஜாகிர்களைப் பற்றிய தாள்களைத் தேடிப் பிரித்து, கஜெட்டியரோடு ஒப்பிட்டு யாராவது பதிப்பித்தால், டிரெல் தாம்சனுக்குச் செய்ததற்கு ஈடாகும்.

சரி, புத்தகங்கள் எங்கே இருக்கின்றன? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பக்கத்திலேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம். 1812இல் தொடங்கிய சென்னை இலக்கியச் சங்கத்தின் பழைய அலமாரிகளில் கம்பெனிக் காலத்துப் பயண நூல்கள் வானுயர அடுக்கியிருக்கின்றன. இவை நிறுவனங்கள். தனி மனிதர்கள் சேர்த்தது இன்னொரு கதை. கோட்டையூர் ரோஜா முத்தையா சைன்போர்டு எழுதும் ஓவியராக வாழ்ந்துகொண்டே தமிழ் அச்சின் பெரும் செல்வத்தைத் தன் வீட்டில் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. புதுக்கோட்டையில் பி. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மாவும் ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சேர்த்த ஞானாலயா, லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களோடு நிற்கிறது. சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் சேர்ந்து சாம்பலாயின. சேகரிப்பவர்களின் ஒரு தலைமுறைக்கே அது இழவு வீடு.

இந்தப் பட்டியலில் கள்ளக்குறிச்சி இல்லை. 2019இல் பிறந்த மாவட்டத்துக்குத் தன் மலையைப் பற்றிய நூல்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் உரிமையும் கடமையும் உண்டு. கார்ஸ்டின், லெஃபானு, பிரான்சிஸ், ரிச்சர்ட்ஸ், தர்ஸ்டனின் நான்காம் தொகுதி, கிங்கும் ஃபூட்டும் எழுதிய அறிக்கை, சாட்டர்டன், பாரமகால் ஆவணங்கள். ஒரே ஒரு அலமாரி போதும். அசல் கிடைக்காதவற்றுக்கு மறுபதிப்போ நல்ல ஒளிநகலோ வைக்கலாம், வரைபடங்களை மட்டும் முழுதாக விரித்துப் படமெடுத்த அளவில் வைக்க வேண்டும். ராமபாணப் பூச்சியும் ஈரமும் அண்டாத அறையாக இருந்தால் போதும், மாளிகை வேண்டாம்.

இதைக் கேட்பதற்குச் சட்டப்படியே காரணம் இருக்கிறது. 2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2008இல் வந்த விதிகளில், உரிமை கேட்பவர்கள் எவற்றையெல்லாம் சான்றாகக் காட்டலாம் என்று பதின்மூன்றாம் விதி சொல்கிறது. அரசு ஆவணங்கள் என்ற தலைப்பில் முதலில் வரும் பெயரே கஜெட்டியர். பிறகு மக்கள்தொகைக் கணக்கு, நிலஅளவை அறிக்கை, வரைபடம், காட்டிலாகாவின் செயல்திட்டம். அதே விதியில் இன்னொரு இடத்தில், உரிமை கேட்பவரைத் தவிர மற்ற முதியோர் சொல்வதை எழுத்தில் பதிந்து கொடுத்தால் அதுவும் சான்று என்று இருக்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னதை நம் விதிப்புத்தகம் தன் வழியில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிரான்சிசின் வரைபடத்தில் ஒரு சிற்றூரின் பெயர் 1906இலேயே இருக்கிறது என்று காட்ட முடிந்தால், அந்த ஊர்க் கிழவர் சொல்லும் ஏழு தலைமுறைக் கதைக்குத் துணை நிற்கும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளிக்கூடம் என்று கேள்விகள் எழுந்தன. நிலம் யாருடையது என்ற கேள்வி வரும்போது கிராம சபை கையில் காகிதம் இருக்க வேண்டும்.

இந்தத் தொடரைப் படிக்கும் மலைக்குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னாடு, கரியாலூர், மணியார்பாளையம் என்று எந்த ஊரானாலும், வீட்டுப் பெட்டியில் ஜாகிர் காலத்து ரசீதோ, பழைய பத்திரமோ, காட்டிலாகா கொடுத்த சீட்டோ இருந்தால் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கை மறுபடி பிரிக்க முடியாது, காகிதம் உள்ளேயே பழுத்துப்போகும். செலோடேப்பும் ஒட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொண்டு, தாளை மடிக்காமல் வெளுத்த பருத்தித் துணியில் வைத்துச் சுற்றுங்கள். யாரிடமும் அசலைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த இதழில், இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த 1963இலிருந்து ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்த 1976வரை கழிந்த பதின்மூன்று வருடங்களைப் பார்ப்போம்.

(தொடரும்)